சுத்தமான கை

ஓடிபிசியே, உன்னைப் போல் வேற்றுமை பாராதவர் கணினி உலகில் இல்லை. ஆரக்கிளோ, மைஎஸ்க்யூஎல்லோ, எவனோ எப்போதோ செய்துவைத்த பழைய ஆக்சஸ் ஃபைலோ, உனக்கு எல்லாம் ஒன்றுதான். 1992-இல் மைக்ரோசாஃப்ட் உன்னை வெளியிடும் வரை, ஒரே மென்பொருள் இரண்டு வகை டேட்டாபேஸோடு பேச வேண்டுமானால் அந்தப் பகுதியை இரண்டு முறை எழுதித் தொலைக்க வேண்டும். நீ வந்து நடுவில் டிரைவர் மேனேஜரை உட்கார வைத்தாய். டேட்டாபேஸுக்கு ஒரு டிரைவர் என்று ஆள் போட்டாய். கேட்கிறவன் ஒரே மாதிரிக் கேட்டால் போதும், பதில் வந்துவிடும். நீ கைக்கொண்ட அந்த அழைப்புமுறை 1995-இல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. ஜாவா மொழிக்கென 1997-இல் வந்த ஜேடிபிசியும் அந்த வழியில் வந்ததுதான். என் போன்றவர்களின் சாப்பாட்டில் உனக்குப் பங்குண்டு. அதை மறக்க மாட்டேன்.

மும்பையின் மான்குர்த் பக்கம் உன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1976-இல் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு ரயில் பாதையோரத்துக் குடிசைக்காரர்களை லல்லுபாய் காம்பவுண்டின் அடுக்குமாடிகளில் ஏற்றினார்கள். ஊர்விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு பட்டியல், ஒரு பதிவேடு. ரேஷனில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். இந்த ஏடுகளெல்லாம் கணினிக்குள் போன பிறகு ஒன்றோடொன்று பேச உன்னைப் போன்றவர்கள்தான் வேண்டும். நீ பேச வைத்தாய்.

எப்படிப் பேச வைத்தாய் என்று ஒரு பெயரை வைத்துப் பார்க்கிறேன். முத்துமாரியம்மாள். நாம் எண்ணினால் 9 எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 17. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 51 பைட். பெயரை வாங்கிக்கொள்கிற நிரலில் எழுதியவர் முடிவுக்குறி போக 30 பைட்டுக்கு இடம் விட்டிருக்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலப் பெயருக்கு அது தாராளம். நம்மவளுக்கு அதில் 10 குறிதான் அடங்கும். அந்தப் பத்தாவது குறி எங்கே விழுகிறது பாருங்கள்: முத்துமாரி. எழுத்து உடையவில்லை, பிசிறு இல்லை, பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு வேறொரு பெண்ணைத் தந்திருக்கிறாய்.

அதற்கு நீ அனுப்பும் பதில் தோல்வி அல்ல. ‘சக்சஸ் வித் இன்ஃபோ’. வெற்றிதான், கூடவே ஒரு சேதி. சேதியின் எண் 01004. வலப்பக்கம் வெட்டுப்பட்டது என்று பொருள். முழு நீளம் 51 என்பதையும் ஓர் ஓரத்தில் எழுதிவைக்கிறாய். கேட்டவனிடம் எதையும் மறைப்பதில்லை, கேட்காதவனைத் தொந்தரவு செய்வதும் இல்லை. நான் பார்த்த நிரல்களில் பாதிக்கு மேல் கேட்காதவைதான். வெற்றி என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன.

உன் சமத்துவத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. தமிழே அறியாத பழைய எழுத்துத்தொகுப்பை எதிர்ப்பக்கம் வைத்துவிட்டால், உன் டிரைவர் குறிக்கு ஒன்றாகக் கேள்விக்குறி போட்டு அனுப்புகிறார். இசக்கியம்மாளுக்கு 13 கேள்விக்குறி. பேச்சியம்மாளுக்கும் 13. நெல்லையில் வேறு வேறு சாமியின் பேரைத் தாங்கிப் பிறந்தவர்கள் உன் பார்வையில் ஒருத்தியே ஆகிவிடுகிறார்கள். ஒருமுறை அப்படிப் பதிந்துவிட்டால், யார் எவள் என்று அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எந்த மேதையாலும் மீட்க முடியாது.

பொதுவாசல் வைக்கும் உன் யோசனை நாட்டுக்கும் பிடித்துப்போனது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் தமிழ்நாட்டு முன்னுரிமை அட்டைக்கு மான்குர்த் கடையிலும் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. வயிற்றுக்கு வருகிற நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஊர்க் கடையில் கிடைத்த துவரம்பருப்பும் பாமாயிலும் மட்டும் வண்டி ஏறுவதில்லை. முன்னுரிமை இல்லாத அட்டைக்காரருக்குத் தானியமும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மட்டும் வாசலைத் தாண்டும்; அது உன்னிடமும் உள்ள குணம்தான்.

பெயருக்கு வருகிறேன். இரண்டு ஏட்டில் இரண்டு பெயர் என்றானதும் முத்துமாரியம்மாளிடம் சொல்வார்கள்: “நாம் மேட்ச் நஹி ஹோ ரஹா, அஃபிடவிட் லாவ்.” பெயர் பொருந்தவில்லை, பிரமாணப் பத்திரம் கொண்டுவா என்று பொருள். அவள் நாலு வீட்டு வேலையை ஒருநாள் விட்டுவிட்டு பத்திரம் எழுதி, நோட்டரி வாசலில் காத்திருந்து, முத்துமாரியும் முத்துமாரியம்மாளும் ஒருத்தியே என்று சத்தியம் செய்து தருவாள். அன்றைய கூலி போச்சு, பத்திரத்துக்கும் நோட்டரிக்கும் காசு போச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவள் தலையில்.

அந்தப் பத்திரத்தில் அவள் கைநாட்டு இருக்கும், நோட்டரியின் முத்திரை இருக்கும். 30 என்று எண் போட்டவரின் பெயர் இருக்காது, 01004-ஐப் படிக்காமல் போனவரின் பெயர் இருக்காது, உன் பெயரும் இருக்காது. எங்கள் பெயரை இத்தனை நேர்த்தியாக வெட்டிய பிறகும் உன் கை அத்தனை சுத்தம்.