கூரைப் பீலி ஒழுக்கவியல்: ஒரு முன்னாய்வு

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி எழுதாதவர் இல்லை. கதியால் ஓர் அங்குலம் நகர்ந்ததற்காக நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் நம் கதைகளிலும் நாடகங்களிலும் நிலைபெற்றுவிட்டன. ஆனால் அந்த வேலிக்குச் சில அடி மேலே, கூரை விளிம்போடு ஓடும் தகரப் பீலி ஆய்வாளர் கண்ணில் படவேயில்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டியிருப்பது ஒரு காரணமாகலாம். மழைநீரை அகற்றுவதற்காகவே பீலி பூட்டப்படுகிறது என்பது பொதுவான எண்ணம். இது ஆராயாமல் சொல்லப்படுவது. கூரையில் விழுந்த தண்ணீர் தானாகவே கீழே வரும். அதற்கு யாருடைய ஒத்தாசையும் வேண்டாம். அந்தத் தண்ணீர் யாருடையது என்பதை மாற்றுவதற்குத்தான் பீலி வேண்டியிருக்கிறது. ஒரு பீலி துப்புரவாக்கப்படுவதும் கைவிடப்படுவதும், திருத்தப்படுவதும் மாற்றப்படுவதும் துருவையோ இலைக் குப்பையையோ பொறுத்தவை அல்ல, இந்தக் கைமாற்றத்தைப் பொறுத்தவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கைமாறும் பொருளின் அளவைப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 150 சதுர மீற்றர் நிலத்தை மூடிய கூரையில், மாரி காலத்து ஒரே இரவில் 60 மில்லிமீற்றர் பெய்தால் 9,000 லீற்றர். நிறையில் ஒன்பது தொன். பீலி இல்லாத வீட்டில் இது கூரை விளிம்பு நெடுகச் சிந்தி, வீட்டுக்காரரின் மண்ணிலேயே பெரும்பாலும் ஊறிவிடும். பீலி வந்ததும் ஒன்பது தொன்னும் ஒரு மூலைக்கு வந்து சேர்கிறது. எந்த மூலை? பத்து மீற்றர் நீளப் பீலிக்கு ஏறத்தாழ ஐந்து சென்றிமீற்றர் வாட்டம் போதும். எந்தத் திசைக்கும் கொடுக்கலாம். பௌதிகம் இங்கே நடுநிலை வகிக்கிறது. ஆகவே முடிவு கழித்தல் முறையில் எடுக்கப்படுகிறது. வாசல் பக்கம் ஆகாது, சனம் வந்து போகிற இடம். குசினிப் பக்கம் ஆகாது, சேறாகும். சாமியறைப் பக்கம் ஆகவே ஆகாது. மிஞ்சுவது மதில் பக்கம். மதிலுக்கு அப்பால் இன்னொரு வளவு இருப்பது இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இதை நம்மூர்க் குணம் என்று கருதித் தலைகுனிய வேண்டியதில்லை. பழைய சாட்சிகள் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் ஆறாம் நூலில் வீட்டு முற்றங்களை வகைபிரிக்கிறார். கூரைகள் உள்நோக்கிச் சாய்ந்து மழை முற்றத்தின் நடுவே விழுவது ஒருவகை. நாற்சார் வீட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரைகள் வெளிநோக்கிச் சாய்வது இன்னொரு வகை. அதில் வெளிச்சம் நன்றாக வரும், ஆனால் சுவரோடு இறங்கும் குழாய்கள் தண்ணீரை விரைவாக ஏற்காமல் நிரம்பி வழிந்து மரவேலையையும் சுவரையும் கெடுக்கும், ஓயாமல் திருத்த வேண்டிவரும் என்று அவர் குறைப்படுகிறார். தண்ணீர் வெளியே சாயத் தொடங்கியதும் திருத்த வேலையும் தொடங்கிவிட்டதை இங்கே கவனிக்க வேண்டும். உரோமச் சட்டவாணர் இன்னும் நுட்பமானவர்கள். அயலவர் நிலத்தில் கூரைநீர் சொட்ட விடும் உரிமை வேறு, அதைத் திரட்டித் தாரையாக விடும் உரிமை வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். கி.பி. 533-ல் ஜஸ்டீனியன் வெளியிட்ட தொகுப்பின்படி, சொட்டும் உரிமை பெற்றவர் தம் கூரை விளிம்பை உயர்த்தலாம். உயரத்திலிருந்து விழும் துளி மென்மையாக விழும், சில வேளை காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், அயலவர் சுமை குறையும். தாழ்த்தக் கூடாது, சொட்டு தாரையாகிவிடும். ஓட்டிலிருந்து சொட்டியது பின்னர் பலகையிலிருந்து சொட்டவும் கூடாது. காற்று அள்ளிய துளி மூன்றாம் வளவில் விழுந்தால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் வளவுக்காரர் அன்று ஊரில் இல்லை போலும். இவை நமக்குப் புறம்பான செய்திகளும் அல்ல. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டம் இலங்கையில் இன்றும் பொதுச் சட்டம். கூரைநீர் உரிமையும் அதோடு கப்பலேறி வந்ததுதான்.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். தகரப் பீலியைக் காப்பது அதன் மேலுள்ள நாக முலாம்; இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தீர்வது அதன் தொழில். வேப்பஞ் சருகும் மாவிலையும் அடைந்து ஈரம் காயாமல் கிடந்தால் அது விரைவாகத் தீரும். பிறகு துரு, பிறகு ஓட்டை. சில பீலிகளில் அரசங்கன்று முளைத்து, வெட்டினால் பாவம் என்ற பாதுகாப்பையும் பெற்றுவிடும். ஓட்டை தோன்றிய நாளுக்கும் திருத்திய நாளுக்கும் உள்ள இடைவெளி ஒரே தகரம், ஒரே மழை, ஒரே வீடு என்றாலும் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்? இங்கேதான் நமது விதி உதவுகிறது: ஒழுக்கு விழும் இடத்துக்கும் வீட்டுத் தலைவரின் சாய்மனைக் கதிரைக்கும் உள்ள தூரம் குறையக் குறையத் திருத்த வேலை விரையும். விறாந்தை ஓரத்தில் விழுந்தால் அன்றே ஏணி வரும். குசினிக் கோடியில் விழுந்தால் வாளி வரும். அதை வைப்பவர் வேறொருவர் என்பதால் ஏணிக்கு அவசரமில்லை. மதில் பக்கம் விழுந்தால் அது ஒழுக்கே அல்ல, வடிகால்.

சோம்பலை மறந்துவிட்டு விதி வகுக்கிறீர் என்று சிலர் மறுக்கலாம். மழை பெய்யும்போது ஏற முடியாது, பெய்யாதபோது நினைவு வராது, அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் அதே வீட்டுக்காரர் கோடையில் கிணறு இறைத்துச் சேறு வாரத் தவறுவதில்லை. காலம் தவறாமல் வேலி அடைக்கிறார். கிணற்றுத் தண்ணீர் அவருடையது, வேலி அவருடைய எல்லை. சோம்பல் பீலியை மட்டும் தேர்ந்து பிடித்துக்கொள்ளுமானால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

பி.வி.சி. வந்தபின் இப்பேச்சு காலாவதியாகிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. துரு போனது உண்மை. ஆனால் ஆறு மீற்றர் பி.வி.சி. நீளம் 30 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் நீளும். நம்மூர் வெயிலில் கூரையோரம் இது பெரிய ஏற்றமல்ல. விலக இடம் விடாமல் ஒட்டிய பொருத்து ஒருநாள் வாய் திறக்கும். எந்தப் பொருத்து முதலில் கவனிக்கப்படும் என்பதை மேற்சொன்ன விதி சொல்லும். மேலும், பழைய பீலியைக் கழற்றிப் புதியது பூட்டும் நாள்தான் வாட்டத்தை மறுபக்கம் திருப்ப வாய்த்த நாள். அவ்வாய்ப்பு பயன்படுத்தப்படுவதைக் காண்பது அரிது.

நுளம்பு மறுப்பு கொஞ்சம் கனமானது. 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், வளவில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் வளவுக்காரரையே பொறுப்பாளியாக்குகிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். அடைபட்ட பீலி அதற்கு ஏற்ற இடம். கைமாறிவிட்டதாகக் கருதிய தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்து ஏறி உரியவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். எனவே நமது துணிபு பிழை என்பீர்கள். ஆனால் அதன் பின் நடப்பதைப் பாருங்கள். சிலர் பீலியைச் சுத்தம் செய்யாமல் முழுதாகக் கழற்றியே விடுகிறார்கள். கைமாற்ற உதவாத பீலியை வைத்திருப்பதில் அவர்களுக்குப் பயனில்லை.

கடைசியாக, மழைநீர்த் தாங்கி கட்டி வைத்திருப்பவர்கள். இவர்கள் மாரிக்கு முன்பே ஏணியில் ஏறுகிறார்கள், சருகு அள்ளுகிறார்கள், முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுப் பிறகே தாங்கிக்குள் திருப்புகிறார்கள். பொருத்து கசிந்தால் அன்றைக்கே அடைக்கிறார்கள். இவர்களைச் சுட்டிக்காட்டி நம்மை மடக்க நினைப்போர், இவர்கள்தான் நமது முதற் சாட்சிகள் என்பதை உணரவில்லை. பீலியில் ஓடுவது இவர்களின் சொந்தத் தண்ணீர். ஆகவே பீலியும் சொந்தமாகிறது. ஐயம் மிஞ்சினால், தாங்கி நிரம்பியதும் மிகுநீர் வழியும் குழாயை ஒருமுறை பார்வையிடலாம். அதன் வாய் மதில் பக்கம் திரும்பியிருக்கும்.