டெர்மினலின் மறுபிறப்பு: எது அழிகிறது, எது தொடர்கிறது?

உடல் அழிந்தபின் எது எஞ்சுகிறது, எது அடுத்த பிறவிக்குப் போகிறது என்று நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடிய மரபு நம்முடையது. அத்தனை வாதங்களிலும் டெர்மினல் செஷனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது பெருங்குறையே. ரீஸ்டார்ட் என்பது கணினிக்கு நேரும் மரணம். அது முடிந்து மறுபடி கண்விழிக்கும் இயந்திரத்தில் பழைய டெர்மினல்களை இருந்தபடியே கொண்டுவந்து நிறுத்த நிரலாளர்கள் படும் பாட்டை ஆராய்ந்தால் ஒரு துணிபு கிடைக்கிறது: மீள்வது வேலை அல்ல, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைத்த எண்ணம் மட்டுமே. செஷனைச் சேமிப்பவர் தம் உழைப்பைக் காப்பதாக நம்புகிறார். அவர் உண்மையில் பேணுவது பாக்கிப் பட்டியல்.

முதலில் சாவை இரண்டாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இணைப்பு அறுவது. தொலைபேசிக் கம்பி வழியே மோடத்தில் வேலை செய்த காலத்தில் லைன் துண்டானால் கெர்னல் ஷெல்லுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். ஷெல் மாளும், அதன் பிள்ளைகளும் பெரும்பாலும் கூடவே மாளும். இந்தச் சிறுசாவுக்கு மருந்து எப்போதோ கிடைத்துவிட்டது. 1987-இல் ஒலிவர் லவ்மனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதிய ஸ்க்ரீன், 2007-இல் நிக்கோலஸ் மேரியட் வெளியிட்ட டீமக்ஸ் ஆகிய இரண்டும் நடுவே ஒரு சர்வரை உட்கார வைக்கின்றன. விண்டோக்கள் அந்த சர்வருக்குச் சொந்தம். ஆள் போனாலும் அவை இருக்கும், திரும்பிவந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த சர்வரும் நினைவகத்தில் ஓடும் ஒரு புரோசஸ்தான். ரீஸ்டார்ட் என்னும் பெருஞ்சாவில் காவலாளியும் சேர்ந்தே போகிறான். பாஷ் ஷெல் இயல்பாகவே தன் கமாண்ட் வரலாற்றை வெளியேறும்போதுதான் கோப்பில் எழுதும் என்பதால், கரன்ட் திடீரென்று போனால் முற்பிறவி நினைவும் இல்லை.

பெருஞ்சாவுக்கு மருந்தாகச் சொல்லப்படுவது ‘டீமக்ஸ் ரிசரெக்ட்’ என்ற பிளக்இன். டீமக்ஸின் முன்விசையை (ப்ரிஃபிக்ஸ்) அழுத்திவிட்டு கன்ட்ரோல்-எஸ் என்றால் சேமிக்கும். கன்ட்ரோல்-ஆர் என்றால் மீட்கும். அது எழுதும் கோப்பு மந்திரப் பெட்டகம் அல்ல, யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரை. எத்தனை விண்டோ, ஒவ்வொன்றும் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கட்டம் எந்த ஃபோல்டரில் நின்றது, அங்கே எந்தக் கமாண்ட் ஓடியது என்பன மட்டும் வரிவரியாக இருக்கும். இனி, அது தானாக மீட்டுத்தரும் நிரல்களின் பட்டியலைப் பாருங்கள்: விம், ஈமேக்ஸ், மேன், லெஸ், டெயில், டாப், எச்டாப், மட், ஐஆர்எஸ்எஸ்ஐ போன்றவை. எழுதுவது, படிப்பது, வேடிக்கை பார்ப்பது, கடிதம் பார்ப்பது, அரட்டை. எந்த வேலையையும் முடித்துவிட்டுத் தானாக வெளியேறும் நிரல் இதில் ஏறக்குறைய இல்லை! நம் துணிபுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? ‘கன்டினியூயம்’ என்ற துணைப் பிளக்இன் அந்தச் சேமிப்பை இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. எந்தச் சோம்பேறியும் தன் பாக்கிகளுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்ததில்லை.

அப்பட்டியல் அச்சத்தால் சுருங்கியது, கோப்புகளை அழிக்கும் கமாண்டைத் தானாக மறுபடி ஓட்டினால் என்ன ஆகும் என்று மறுப்பார் உளர். நியாயமான மறுப்பு, காரணம் அதுவே. ஆயினும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் எந்த நிரலையும் பட்டியலில் ஏற்றலாம், எல்லாவற்றையுமேகூட. ஏற்றிய பின் நடப்பது என்ன? கமாண்ட் மீண்டும் முதலிலிருந்து ஓடுகிறது. முக்கால் பங்கு முடிந்திருந்த கணிப்பு சுழியத்தில் நிற்கிறது. பெயர் மீண்டது, முன்னேற்றம் மீளவில்லை. திரையில் இருந்த எழுத்துகளையும் சேமிக்க வழியுண்டே என்பர். உண்டுதான். அப்படி மீளும் எழுத்து வெறும் படம். போன பிறவியின் பிழைச்செய்தி புதிய பிறவியின் நெற்றியில் சிவப்பாக ஒட்டியிருக்கும், பிழை செய்தவன் எங்கோ போயிருப்பான்.

லினக்ஸில் ‘கிரியு’ என்று ஒன்று இருக்கிறது, ஓடும் புரோசஸை நினைவகத்தோடு உறையவைத்துப் பிறகு அதே புள்ளியிலிருந்து எழுப்பும் என்பது இன்னும் கடுமையான மறுப்பு. உண்மைதான். ஆனால் எழுபவனுக்குப் பழைய புரோசஸ் எண்ணே கிடைக்க வேண்டும், அவன் திறந்துவைத்த கோப்புகள் மாறாமல் இருக்க வேண்டும், நெட்வொர்க் இணைப்பின் மறுமுனையில் இருப்பவர் இன்னும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கன்டெய்னர்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ப்போருக்கு அது பயன்படுகிறது. மேசைமேல் இருக்கும் டெர்மினலுக்காக அத்தனை பாடுபடுவோர் அரிது. ஹைபர்னேட் செய்தால் போதாதா என்போருக்கு ஒரு வரி போதும்: அது உறக்கம், சாவு அல்ல, கெர்னலைப் புதுப்பித்தால் உறங்கி எழுந்து பயனில்லை.

இறுதியாக, சைவ சித்தாந்திகள் எழுப்பக்கூடிய ஒரு தடை. அனுபவித்துத் தீர்க்காத வினை தானாகக் கழியுமா? ரிசரெக்ட்டில் கழிகிறது. 30 நாளுக்கு முந்திய சேமிப்புக் கோப்புகளை அது இயல்பாகவே அழித்துவிடும், எப்படியும் குறைந்தது ஐந்தை விட்டுவைத்து. எஞ்சியவற்றில் விரும்பியதைத் தேர்ந்து, ‘லாஸ்ட்’ என்ற இணைப்பை அதன் பக்கம் திருப்பிவிட்டால், முந்தின பிறவியை விட்டு அதற்கும் முந்தினதில் பிறக்கலாம். இந்தச் சலுகையை எந்தச் சமயமும் இதுவரை அறிவித்ததாகத் தெரியவில்லை.