நீலச் சட்டைக்குச் சங்கம் இல்லை

செலாயாங் மொத்தச் சந்தையில் விடியற்காலை ஒரு கட்டுக் கீரைக்குக்கூட பேரம் உண்டு. படியவில்லையா, பக்கத்துக் கடைக்காரர் புகுந்து, "நடுவுல ஒரு விலைக்கு முடிங்கண்ணே" என்று தீர்த்து வைப்பார். வாசலில் காவல் நிற்கும் போலீஸ்காரரின் சம்பளத்துக்குத்தான் அந்த வசதி இல்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் போலீஸ் சங்கமும் நகராட்சியும் சம்பளத்தில் முட்டிக்கொண்டால் நடுவர் தீர்ப்புச் சொல்வார். இரு தரப்பும் கட்டுப்பட வேண்டும். நம் மலேசியாவின் 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமோ போலீஸ், சிறை, ராணுவம் மூன்றிலும் சங்கமே கூடாது என்கிறது. சங்கம் இல்லை, ஆகவே தகராறு இல்லை. தகராறு இல்லை, ஆகவே நடுவரும் வேண்டாம். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு!

2004இல் போலீஸ் படையை மேம்படுத்த அரச ஆணையம் அமைத்தார்கள். 2005இல் 125 பரிந்துரைகள் வந்தன. போலீஸ்காரரின் சம்பளமும் குவாட்டர்ஸும் அதில் இருந்தன. ஊர் விவாதித்ததென்னவோ அவர்மேல் வரும் புகாரை விசாரிக்கும் ஆணையத்தைப் பற்றித்தான்.

மற்றபடி ஆண்டுக்கொரு பட்ஜெட். நிதியமைச்சர் வாசிப்பார், போலீஸ்காரர் டிவி முன் உட்கார்ந்து கேட்பார். பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது. மறுநாள் எந்தத் தொழிற்சாலை வாசலிலாவது சங்கக்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு மறியல் செய்தால், ஒழுங்கு காக்கப் போவதும் அவர்தான்.