இட்லி மாவும் இறால் பாட்டிலும்

மெக்சிகோ நகரத்தின் தென்கோடியில் சோச்சிமில்கோ என்று ஒரு கால்வாய்ப் பகுதி இருக்கிறது. ஆக்சலாட்டில் என்ற நீர்வாழ் பிராணிக்கு மிச்சமிருக்கும் சொந்த ஊர் அது ஒன்றுதான். 1998-ல் கணக்கெடுத்தபோது அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014-ல் எடுத்த கணக்கில் 36. அதே பிராணி, லண்டனில் எங்கள் சமையல் மேடையில் டப்பா டப்பாவாக இருநூறு சொச்சம் நீந்திக்கொண்டிருந்தது. மேடையின் நீள அகலத்தை அளந்து என் மகள் கணக்குப் போட்டாள். சதுர கிலோமீட்டருக்கு 20 கோடி வந்தது. அருகிவரும் இனம் என்று யாராவது சொன்னால் என் மனைவி இப்போதெல்லாம் பதில் பேசுவதில்லை, மேடையைக் காட்டுவதோடு சரி.

பார்த்திராதவர்களுக்காக: இது சாலமாண்டர் வகை. தலையின் இருபுறமும் பக்கத்துக்கு மூன்றாக இறகு போன்ற செவுள்கள். இமை கிடையாது. வாய் எப்போதும் சிரித்தபடி இருக்கும், ஆனால் அதற்கும் மனநிலைக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான சாலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுளை விட்டுக் கரையேறும். இது ஏறாது. கல்யாண வயதைத் தாண்டியும் பள்ளிக்கூட டிரவுசரோடு திரியும் சித்தப்பாவைப் போல, குழந்தை உருவத்திலேயே தண்ணீருக்குள் இருந்துகொண்டு குடும்பமும் நடத்தும். 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் இது நுழைந்த பிறகு உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்டு அழ ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு மெக்சிகோ தன் 50 பெசோ நோட்டிலும் இதன் படத்தைப் போட்டது. எங்களுக்கு வந்தது விளையாட்டு வழியாகத்தான்.

வாங்கும்போது "ரெண்டும் பெண்" என்று கேட்காமலேயே உத்தரவாதம் கொடுத்தார் கடைக்காரர். விரல் நீளக் குட்டியில் அதைக் கண்டுபிடிக்க மனிதனால் ஆகாது. ஏறக்குறைய ஒரு வயதானால்தான் தெரியும். எங்களுக்கு ஒரு பிப்ரவரிக் காலையில் தெரிந்தது. தொட்டியில் இருந்த செடியின் இலைக்கு இலை முட்டை.

ஒரு பெண் ஆக்சலாட்டில் ஒரே ஈட்டில் நூறும் இடலாம், ஆயிரமும் இடலாம். ஒவ்வொன்றாகப் பொறுமையாக ஒட்டிவைக்கும். பெற்றோர் பொறுப்பு அத்தோடு முடிந்தது. அதன்பிறகு தாயும் தகப்பனும் அந்த முட்டைகளைப் பலகாரமாகத்தான் பார்ப்பார்கள் என்பதால் உடனே பிரித்தெடுக்க வேண்டும். வளர்த்துப் பழகியவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: எத்தனைக்குச் சோறு போட முடியுமோ அத்தனையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை முதல் ஓரிரு நாளிலேயே ஃப்ரீசரில் வைத்துவிடு. நல்ல யோசனைதான். மகள் அழுதாள். மனைவி அழவில்லை. "என் கறிவேப்பிலை பாக்கெட்டுக்குப் பக்கத்துல அது வந்துதுன்னா பாருங்க" என்றாள். அவ்வளவு முட்டைகளும் உயிர் பிழைத்தது இப்படித்தான்.

முட்டைக் காலம் உண்மையில் சுகமானது. கண்ணாடி போன்ற கூழுக்குள் கடுகளவில் ஒரு கறுப்பு மணி. சில நாளில் அது நீண்டு அவரை விதை உருவத்துக்கு வரும். பிறகு தலை எது வால் எது என்று தெரியும். ஒருநாள் உள்ளேயே துள்ளும். லென்ஸ் இருந்தால் டிவி தேவையில்லை. தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளுத்துப் பஞ்சு பூத்த முட்டையைக் கண்டால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். தண்ணீர் 18, 20 டிகிரியில் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். எல்லாம் ஒன்றாகப் பொரிந்துவிடாது. ஒரே தாயின் ஒரே ஈட்டில் சில அவசரமாக வெளியே வந்துவிடும், சில உள்ளேயே சுருண்டு கிடக்கும். கூழைக் கிழித்து உதவலாமா என்று கை பரபரக்கும். கூடாது. கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோவில் விசாரித்தாள்: "நாள் தள்ளிப் போறதுன்னா ஒரு டாக்டர்ட்ட காட்ட வேண்டியதுதானேடா?"

வெளியே வந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். கண், செவுள், வால் உண்டு, கால் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் மீந்த மஞ்சள் கருவிலேயே பிழைப்பை ஓட்டிக்கொண்டு அடியில் அசையாமல் கிடக்கும். இறந்துவிட்டதோ என்று நாம் குனிந்து பார்த்தால் சட்டென்று ஓரடி ஓடிவிட்டு மறுபடி இறந்துபோகும். பிறகு பசி எடுக்கும். அங்கேதான் நம் கஷ்டம் ஆரம்பிக்கிறது. அசைவதை மட்டுமே அது உணவு என்று ஒப்புக்கொள்ளும். பொடி, உருண்டை, பாக்கெட் எதையும் சீந்தாது. ஆகவே ஆக்சலாட்டில் வளர்ப்பது என்பது இறால் வளர்ப்பது.

ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் முட்டைகள் காப்பித்தூள் நிறத்தில் டப்பாவில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து அள்ளியவை பெரும்பாலும். உலர்ந்த நிலையில் வருஷக்கணக்கில் தூங்கும். உப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குழாய் விட்டு, வெளிச்சம் காட்டி, 26, 28 டிகிரியில் வைத்தால் ஒரு நாளில் எழுந்துவிடும். ஆக்சலாட்டிலுக்கு 20-க்கு மேல் போனால் ஆகாது. அதன் சாப்பாட்டுக்கு 26-க்குக் குறைந்தால் ஆகாது. பிப்ரவரி மாத லண்டனில் எங்கள் வீட்டில் 26 டிகிரி உள்ள இடம் ஒன்றே ஒன்று: பாய்லர் அலமாரி. குளிர் தேசத்துத் தமிழர்களுக்கு அந்த அலமாரியில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இட்லி மாவு.

இறால் பாட்டிலோடு நான் அங்கே குடியேறியபோது பூர்வகுடி எதிர்ப்புத் தெரிவித்தது. "மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வெச்சது யாரு?" என்ற கேள்வியோடு பல காலைகள் விடிந்தன. பாட்டிலுக்குள் காற்று கொப்பளிக்கும் சத்தத்தில் மாவு பொங்காது என்ற புதிய அறிவியல் ஒன்றும் முன்வைக்கப்பட்டது. ஒரு சனிக்கிழமை இட்லி கல்லாக வந்தபோது அது நிரூபணமும் ஆயிற்று. கடைசியில் உடன்படிக்கை: மேல்தட்டு மாவுக்கு, கீழ்த்தட்டு இறாலுக்கு. உப்புக்குத் தமிழ்க் கடைக் கல்லுப்பு. பொரிந்ததும் காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தைத் தேடி ஒரு மூலையில் கூடும். உறிஞ்சி எடுத்து, உப்புப் போக வடிகட்டி அலச வேண்டும். அதற்கென்று விற்கும் சல்லடையைவிட என் பழைய எட்டு முழ வேட்டித் துண்டு உத்தமம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. டப்பாக்களுக்கு மட்டும் விலக்கு.

காலையில் ஒரு பந்தி, இரவில் ஒரு பந்தி. சாப்பிட்ட குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் வெளியே தெரியும், ஆகவே "சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டிய அவசியமில்லாத ஒரே பிள்ளைகள் இவை. மிஞ்சிய இறால் நல்ல தண்ணீரில் சில மணி நேரமே தாங்கும், பிறகு அழுகும். ஆகவே தினமும் முழுத் தண்ணீரும் மாற்றம். குஞ்சுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி இடம் மாற்ற, கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு நெய்ச்சாறு ஊற்ற இந்த ஊரில் விற்கும் ரப்பர் குமிழ்க் குழாய் வாங்கினோம். அது வான்கோழியின் முகத்தை இதுவரை பார்த்ததில்லை.

பிறகு கால் முளைக்கும். தவளைக்குப் பின்னங்கால் முதலில் என்றால் இதற்கு முன்னங்கால். அது வந்ததும் சகோதரனின் காலும் அசைகிறது என்பதைக் கவனித்துவிடும். கடித்த கால் சில வாரங்களில் முழுதாகத் திரும்ப முளைக்கும் என்பது விஞ்ஞானிகளுக்கு அதிசயம். 2018-ல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்து, அது மனிதனுடையதைவிடப் பத்து மடங்கு பெரிது என்று சொன்னார்கள். எங்களுக்கு அந்தக் கடி பஞ்சாயத்து. பெரியதைச் சிறியதிடமிருந்து பிரித்து, முரடனுக்குத் தனி டப்பா கொடுத்து, ஓட்டல் பார்சல் டப்பாக்கள் அத்தனையும் வெளியே வந்தன. "சாம்பார்" என்று எழுதிய டப்பாவில் இரண்டு, "வத்தக்குழம்பு"வில் ஒன்று. அம்மா பார்த்துவிட்டு, "தனித்தனிப் பாத்திரமா? நாங்க ஏழு பேரும் ஒரே தட்டுல கை வெச்சுத்தான்டா வளர்ந்தோம்" என்றாள். ஏழு பேருக்கும் கை இருந்தது, அதனால் சொல்கிறாள்.

இவற்றை மெக்சிகோவுக்கே அனுப்பிவிடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முடியாது. 1864-ல் பாரிசுக்குப் போன 34 ஆக்சலாட்டில்களில் ஆறு அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பெருகிய வம்சம்தான் உலக ஆய்வகங்களிலும் வீடுகளிலும் பெரும்பாலும் இருக்கிறது. அதில் 1962-ல் ஓர் அமெரிக்க ஆய்வகத்தில் டைகர் சாலமாண்டரின் ரத்தமும் சேர்ந்தது. நோயையும் கலப்பையும் கொண்டுபோய்ச் சோச்சிமில்கோவில் விடுவது அங்கே மிஞ்சியிருப்பதற்கும் கேடு. உள்ளூர்க் குளத்தில் விடுவதும் அப்படியே. நவராத்திரிக்கு வருபவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்பது மனைவியின் திட்டம்.

பாதிக்கு மேல் வீடு கண்டுபிடித்துக் கொடுத்தாயிற்று. இப்போது இருப்பவற்றுக்கு நான்கு காலும் வந்துவிட்டன, அவை உருண்டைத் தீனியும் தின்னப் பழகிவிட்டன, ஆகவே உங்கள் இட்லிக்கு ஆபத்தில்லை. லண்டனிலோ பக்கத்திலோ இருப்பவர்கள் கேட்டால் இலவசம். குளிர்ந்த தண்ணீர் வேண்டும், 10 முதல் 15 ஆண்டு வரை உயிரோடு இருக்கும், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். வரும்போது மூடி உள்ள டப்பா ஒன்று எடுத்து வரவும், எங்களிடம் ஒன்றுகூட மிச்சமில்லை.