பூனைக்குப் பேர் போட்டாச்சா?

 

என்னமோ யோசனை கேக்க வந்திருக்கியாமே புள்ள. “எம் பூனை வீட்டுக்குள்ளயே கெடக்குது தாத்தா, அதுக்கு எதுக்கு விசர்நாய் ஊசி?”ன்னு. நமுனுகுல அடிவாரத்துல நாப்பது வருசம் கொழுந்து நெறுத்த கங்காணிக்கு பூனையப் பத்தி என்னா தெரியும்? ஆனாலும் கேட்டுட்ட, சொல்றேன். ஊசி வேணாம்.

வேணாந்தான். ஆனா அதுக்கு மூணு சாமான் கையில இருக்கணும். ஒண்ணு, கூரை முட்ட எழுப்புன சுவர். நம்ம லயத்துல பத்து காம்பரா, தகரம் ஒண்ணு. நடுச்சுவரெல்லாம் பாதியில நின்னுக்கிட்டு ஆகாசத்தப் பாக்குது. மொத காம்பராவுல கருவாடு பொரிச்சா பத்தாங் காம்பராவுல சோத்துச்சட்டியத் தொறக்குறாங்க. வாசம் போற வழியில பூனை போகாதுன்னு நம்புறியே, ஒனக்குத் தங்கமான மனசு. ரெண்டு, எந்நேரமும் சாத்திக் கெடக்குற கதவு. வேலைக்குப் பேர் போடுற பிரட்டுக்கு ஓடுற அவசரத்துல ஒங்கம்மா கதவச் சாத்தி நான் பாத்ததே இல்ல. மூணு, “நாங்க உள்ள வரமாட்டோம்”னு நாயும் கீரியும் மரநாயும் கைநாட்டு வச்ச கடுதாசி. அந்தக் கடுதாசிய வாங்கிட்டு வா, ஊசியப் பத்திப் பேசவே வேணாம்.

நாய் கடிச்சாத்தானே இந்த நோயின்னு கேப்ப. ஊர்ல முக்கால்வாசி கத நாயாலதான், சரி. ஆனா ரத்தஞ் சூடா ஓடி, குட்டிக்குப் பால் குடுக்குற எந்தச் சீவனுக்கும் வரும். பூனையும் அதுல சேத்தி. வௌவாலக்கூட விடல. பேராதனைக்குப் பக்கத்துல கன்னொருவையில செத்த பழந்தின்னி வௌவாலோட மூளையில இந்தக் கிருமிக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒண்ணு இருந்திச்சின்னு 2016ல எழுதுனாங்க. பேரன் வாசிச்சுக் காட்டுனான்.

வெள்ளக்காரன் இந்த நோய்க்குன்னே 1893ல சட்டம் போட்டான். போட்டு என்னா, 1973ல மட்டும் இந்த நாட்டுல 377 பேர் போனாங்க. இப்ப அதுல பத்துல ஒரு பங்குக்கும் கொறைவுதான். மந்திரிச்சு நூல் கட்டியா கொறஞ்சிச்சு? நாய்க்கு ஊசி, கடிபட்டவனுக்கு ஊசி, அதனாலதான். நூலப் பத்தி எனக்கு நல்லாவே தெரியும். சின்னப் பயலா இருக்கயில நாய் கடிச்சதுக்கு எங்கப்பா மொதல்ல நூல்தான் கட்டுனாரு. பொறவு தொப்புளச் சுத்தி வரிசையா ஊசி. இன்னைக்கும் ஊசின்னா என் வயிறு தானா உள்ள போகும். இப்ப கையில போடுறாங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில சல்லி கெடையாது. ஒனக்கு நல்ல காலம்.

அந்தக் கிருமி பெரிய கள்ளன் புள்ள. ரத்தத்துல ஓடாது. கங்காணி கண்ணுல படாமக் குறுக்குப்பாதையில லயத்துக்கு நழுவுறவன் மாதிரி, நரம்பப் புடிச்சு மெதுவா மூளைக்கு ஏறும். ரெண்டு மூணு மாசங்கூட ஆகும். ஏறி நோய் வெளிய தெரிஞ்சிச்சோ, பதுள ஆஸ்பத்திரியில்ல, லண்டன் டாக்டரே வந்தாலும் ஆள மீட்டு எடுக்குறது நடக்காத காரியம். ஏறுறதுக்கு முன்னால மறிச்சாத்தான் உண்டு.

அதனால கடியோ பொறாண்டலோ, பீலித் தண்ணியில சவுக்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. காப்பித்தூள் அப்பாத, சுண்ணாம்பு தடவாத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. பொறாண்டல்தானேன்னு இருந்துறாத. பூனை எந்நேரமும் பாதத்த நக்குற சாதி, எச்சில் நகத்துலயும் இருக்கும். விசர் புடிச்ச நாய் றோட்டுல ஓடுனா ஊரே சத்தம் போடும். பூனை அப்பிடியில்ல, கட்டிலுக்கடியில போயி சுருண்டுக்கும். “என் செல்லத்துக்கு என்னா ஆச்சு”ன்னு கைய நீட்டுவ பாரு, அந்தக் கையத்தான் கடிக்கும். ஆஸ்பத்திரியில மொதல்ல என்னா கேப்பாங்க? “பூனைக்கு ஊசி போட்டிருக்கா?” “வீட்டுப் பூனை டொக்டர்”னு சொல்லுவியா? அந்த மருந்து எந்தப் பாமசியிலயும் விக்கல. கடிச்ச பூனைய நாள் கணக்கா அடைச்சு வச்சுப் பாரும்பாங்க. வீட்டுல எல்லாரும் அத்தன நாளும் பூனை மொகத்தையே பாத்துக்கிட்டு ஒக்காரணும்.

குட்டிக்கு மூணு மாசம் ஆனதும் ஒண்ணு, பொறவு வருசா வருசம் ஒண்ணு, அவ்வளவுதான். அரசாங்க மிருக வைத்தியருகிட்ட காட்டு, அட்டையப் பத்தரமா வையி. கோழிக் கூடையில மூடிக் கொண்டுபோ. துணிப்பையில போட்டு பஸ்ஸுல ஏறுனீன்னா கொண்டக்டருக்கும் சேத்து ஊசி போட வேண்டி வரும்.

என்னா மொறைக்கிற? “எம் பூனை வெளியவே போகாது”ன்னா? சரி புள்ள, நான் சொன்னா நம்ப மாட்ட. உள்ள எட்டிப் பாரு. எங்க அடுப்படியில, சாம்பலுக்குப் பக்கத்துல, நெத்தலித் தலையத் தின்னுட்டுப் படுத்திருக்கே, யாரு அது? நீ சுவீட்டீங்கிற. ரெண்டு வருசமா எங்க வீட்டுல அதுக்கு கருப்பின்னு பேரு. ஒங்க வீட்டுல ஒரு பேர், எங்க வீட்டுல ஒரு பேர்னு ஒரே நாள்ல ரெண்டு பேர் போட்டுக்கிட்டுத் திரியுது. நாள் வேலைக்குப் பேர் எழுதுற என் செக்றோல்ல ஒருத்தனும் அப்பிடித் தப்புனதில்ல.

பேர் ரெண்டா இருந்துட்டுப் போகட்டும். வருசத்துக்கு ஊசி ஒண்ணு போதும். கூடைய நான் தாறேன், பஸ் காசு ஒன்னோடது.