முன்னேறிப் பின்னுக்குப் போதல்: பின்புறவியலுக்கு ஒரு தோற்றுவாய்

முகத்துக்குச் சாமுத்திரிகா லட்சணம் உண்டு. வாசலுக்குக் கோலம் உண்டு. புத்தகத்துக்கு முன்னுரை எழுதப் பேராசிரியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பின்புறத்துக்குத்தான் நாதியில்லை. அக்குறை போக்கவே இவ்வாய்வு. களம்: மொன்றியல் நகரின் கோட் டே நேஜ் வீதியில் ஓடும் 165ஆம் இலக்க பஸ். காலம்: கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை, அதாவது தெருவில் நின்று யோசிக்க முடியாத மாதங்கள். நிதி உதவி: என் மாதாந்த பஸ் அட்டை.

ஆய்வைத் தூண்டியது ஒரு கட்டளை. சனமெல்லாம் முன்கதவடியில் முண்டியடிக்கும்போது சாரதி குரல் கொடுப்பார்: "அவான்சே அன் ஆரியேர்!" 'அவான்சே' என்றால் முன்னேறுங்கள். 'அன் ஆரியேர்' என்றால் பின்னுக்கு. பின்னுக்கு முன்னேறுங்கள்! கியூபெக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழந்தொடர் இது. யாழ்ப்பாணத்து மினிபஸ் கொண்டக்டரும் இதே வேலையைச் செய்தவர்தான். ஆனால் அவர் "பின்னுக்குப் போங்கோ, இடம் கிடக்கு" என்பதோடு விட்டுவிடுவார். இடம் கிடந்ததில்லை என்பது வேறு விடயம். அவர் வசனத்தில் பொய் இருந்தது, முரண் இருக்கவில்லை.

இந்த 'ஆரியேர்' லேசுப்பட்ட சொல் அல்ல. லத்தீன் 'ரெட்ரோ'வில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்து, நிலுவையைக் குறிக்கும் 'அரியர்' ஆனது. அங்கிருந்து கப்பலேறித் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கரைசேர்ந்தது. கோவையில் ஒரு மாணவன் "மூணு அரியர் இருக்குடா மச்சி" என்று பெருமூச்சு விடும்போதும், 165இன் சாரதி எங்களைப் பின்னுக்குத் தள்ளும்போதும் வாயில் வருவது ஒரே சொல். ஆங்கில 'ரியர்' கூட இதன் தலை உதிர்ந்த வடிவம் என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். பின்புறத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்புறம் இல்லாமற் போனதைக் காட்டிலும் பொருத்தமான சொற்பிறப்பை நான் கண்டதில்லை.

ஆங்கிலத்தின் சிக்கல், அதற்கு ஒரு பின்புறம் போதாது என்பதே. மாட்டுக்கு 'ரம்ப்', தாளின் மறுபக்கத்துக்கு 'வெர்ஸோ', பாணின் கடைசித் துண்டுக்கு 'ஹீல்', அதாவது குதிக்கால். கப்பலுக்கு 'ஸ்டேர்ன்'. கண்டிப்பான ஆசிரியர்களையும் அதே ஒலியால்தான் குறிக்கிறார்கள்; ஆனால் கப்பலின் ஸ்டேர்ன் சுக்கான் பிடிக்கும் தொழிலிலிருந்து வந்த வேறு சொல். அதே கப்பலின் பின்மேல்தளத்துக்கு 'பூப்'. இது லத்தீன் 'பப்பிஸ்' வழி வந்த கௌரவமான சொல் என்று பழைய துறைமுகத்தில் வைத்து என் மருமகளின் பிள்ளைகளுக்கு விளக்கினேன். அதற்குப் பிறகு அவர்கள் கப்பலையே பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

காரில் விவகாரம் முற்றுகிறது. பிரிட்டிஷ்காரர் 'பூட்' என்பார், கனடாக்காரர் 'ட்ரங்க்' என்பார், கியூபெக்காரர் பேச்சுவழக்கில் 'வலீஸ்' என்பார். ஒருவருக்குச் சப்பாத்து, மற்றவருக்குப் பெட்டி, மூன்றாமவருக்குப் பயணப்பை. நாங்களோ 'டிக்கி' என்போம். குதிரைவண்டியின் பின்னால் வேலைக்காரருக்கென்று வைத்த இருக்கைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. வண்டி போய், வேலைக்காரர் போய், ஆங்கிலேயரும் போன பிறகு அவர்களே கைவிட்ட சொல்லை நாங்கள் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம், உள்ளே இருபது கிலோ அரிசியோடு.

மனித உடலின் பின்பகுதிக்கு வரும்போது ஆய்வாளன் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் அதை 'சீட்' என்றும் சொல்வார்கள். தமிழ் வைத்தியர் 'ஆசனம்' என்பார். இரண்டு நாகரிகங்களும் கூச்சப்பட்டு ஒரே கதிரையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மேலும் கூச்சப்படும் ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து 'டெரியேர்' என்பதைக் கடன் வாங்குவார். மொன்றியலில் அது எடுபடாது. இங்கே அந்தச் சொல் எல்லோருக்கும் புரியும்.

வீட்டின் பின்புறமே எனக்கு நெருக்கமான பகுதி. தமிழ்நாட்டில் கொல்லை, புழக்கடை. யாழ்ப்பாணத்தில் கோடி. "எங்கட வீட்டுக் கோடியில இரண்டு முருங்கை நிண்டது" என்று சென்னை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, முருங்கைக்காயில் அவ்வளவு பணமா என்று அவர் வியந்தார். மொன்றியல் வீடுகளின் கோடியில் 'ருவெல்' ஓடுகிறது. எங்கள் ஒழுங்கைதான், கிடுகுவேலி மட்டும் இல்லை. நகரம் முழுவதும் சேர்த்தால் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வரும். முன்னால் பார்த்தால் வளைந்த இரும்புப் படிகள், பூச்சாடி, மிடுக்கு. பின்னால் உடுப்புக்கொடி, சைக்கிள், உறைபனியில் மறந்துபோன பிளாஸ்ரிக் கதிரை. பார்க் எக்ஸ்ரென்ஷன் ஒழுங்கை ஒன்றில் ஆடி மாதம் நடந்தால் எந்த வீட்டில் என்ன கறி என்று சொல்லிவிடலாம். முன்வாசலில் நின்று அதைச் சொல்ல முடியாது.

இனி ஆய்வின் மையம். பிரெஞ்சில் பூட்டியை 'ஆரியேர் கிரான் மேர்' என்பார்கள்: பின்-பாட்டி. எங்களுக்கு அவர் முன்னோர். ஒரே கிழவியைத் தமிழன் தனக்கு முன்னால் இருத்துகிறான், பிரெஞ்சுக்காரன் பின்னால் இருத்துகிறான். அதோடு விட்டார்களா? பூட்டப்பிள்ளைக்கும் 'ஆரியேர்'தான். வந்த வழியும் பின்னால், போகும் வழியும் பின்னால்! இதிலிருந்து நான் ஒரு கொள்கை வகுத்தேன். தமிழில் நடந்தது முன், நடக்கப்போவது பின். 1983க்குப் பின் இங்கு வந்தோம் என்கிறோம். பின்னுக்கு என்ன நடக்குமோ என்கிறோம். ஆகவே தமிழன் மட்டுமே போன காலத்தைப் பார்த்தபடி, வரும் காலத்துக்குள் பின்பக்கமாக நடப்பவன். நாலு பக்கம் எழுதிய பிறகுதான் ஆங்கில 'ஆஃப்டர்' என்ற சொல் கப்பலின் பின்பக்கமான 'ஆஃப்ட்' என்பதன் உறவு என்று கண்டேன். 'பிஃபோர்' என்பதற்குள்ளும் முன்புறமே ஒளிந்திருக்கிறது. கொள்கை கவிழ்ந்தது. நாலு பக்கத்தையும் வெர்ஸோவில் கடைச்சாமான் பட்டியல் எழுதப் பயன்படுத்தினேன்.

பின்புறமே இல்லாத பொருள்களும் உண்டு என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். 1957 முதல் சென் வியாத்தர் தெருவில் விறகடுப்பில் வேகும் பேகலுக்குப் பின்புறம் கிடையாது. உழுந்து வடைக்கும் கிடையாது. 1966இல் தொடங்கிய மெத்ரோவுக்கு இரு முனையும் முகமே: கோட் வெர்ச்சுவில் ஆட்களை இறக்கிவிட்டு இரயில் நிலையத்துக்கு அப்பால் போய், வால் தலையாகித் திரும்பி வரும். அது போய்த் திரும்பும் அந்த இருட்டுப் பாதையின் பெயர் 'ஆரியேர் கார்'. இந்தச் சொல் என்னை விடுவதாக இல்லை.

பஸ்ஸின் பின்கதவு ஒன்றே ஆராயப்படாமல் எஞ்சியது. அது திறக்காவிட்டால் இறங்குபவர் சாரதிக்குக் கேட்கக் கத்த வேண்டும். சிலர் "போர்ட்!" என்பார்கள், சிலர் "பேக் டோர்!" என்பார்கள். எந்த மொழிக்குச் சாரதி விரைந்து திறக்கிறார் என்று கணக்கெடுக்க நேற்றுக் கடைசி இருக்கையில் கொப்பியோடு அமர்ந்தேன். என் தரிப்பு வந்தபோது "கதவு!" என்று தமிழில் கத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் திரும்பி, "தம்பி, பச்சை லைற் எரியுது, தள்ளுங்கோ" என்றார். தள்ளுவதற்குள் பஸ் எடுபட்டுவிட்டது. அடுத்த தரிப்பில் இறங்கி, பனிக்குள் பின்னுக்கு நடந்தேன்.