போயிட்டு வாலே, பேராண்டி!

வாலே, இப்படித் திண்ணையில உக்காரு. அமெரிக்காவுல வேலை கிடைச்சிருக்காம், அப்புறம் மூஞ்சி ஏன் சுண்டிப் போயிருக்கு? நியூயார்க்குன்னு ஊர்ல சொல்லிக்கலாம்னு நெனச்சே, கம்பெனிக்காரன் புளூமிங்டன்னு எழுதிட்டான். அதுக்கென்ன, சிகாகோ பக்கம்னு சொல்லு. அங்க இருக்கவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுதான். பக்கம்னா 200 கிலோமீட்டருக்கு மேல. கோவில்பட்டிக்காரன் மதுரைக்குப் பக்கம்னு சொன்னா, அதுல பாதிப் பொய்தான் இருக்கு.

அங்க உன் மாமன் வீட்ல ஆறு மாசம் இருந்துட்டு வந்தவன் நான், கேட்டுக்கோ. மொதல்ல மண்ணு. கரிசல்லே! அள்ளிப் பிசைஞ்சு பாத்தேன், விரல்ல மை மாதிரி ஒட்டுது. நம்ம பூமி மாதிரி பாளம் பாளமா வெடிக்கல, அவ்வளவுதான். ஒரு காலத்துல தண்ணி தேங்குன சகதிக்காடாம். அடியில சுட்ட மண்குழாயைப் பதிச்சு, தண்ணிய வடிச்சு வெள்ளாமைக்குக் கொண்டாந்திருக்கான். நாம மழை வேணும்னு கொடும்பாவி இழுக்கோம், அவன் தண்ணி போனாப் போதும்னு காசை எறைச்சிருக்கான்! கண்ணுக்கெட்டுன மட்டும் மக்காச்சோளம், அதை விட்டா சோயா. களையெடுக்க ஒரு பொம்பளை இல்ல, காவலுக்கு ஒரு கிழவன் இல்ல. ஒரு கதிரை ஒடிச்சுச் சுட்டுத் திம்போம்னேன். "அது மாட்டுக்கும் எத்தனாலுக்கும்ப்பா, பல்லு போயிரும்"ங்கான் உன் மாமன்.

சௌகரியம் இல்லாம இல்ல. ஆபீசுக்குப் பத்து நிமிஷம். சிகாகோவுல ஒரு பொந்துக்குக் குடுக்கிற காசுல இங்க முன்னால புல்லு, பின்னால புல்லுன்னு தனி வீடு கிடைக்கும். அம்புட்டுப் புல்லு கிடக்கு, திங்க ஒரு ஆடு கிடையாது. சனிக்கிழமையானா நீதான் ஆடு, மெஷினைத் தள்ளிக்கிட்டு மேயணும். வீட்டுத் தீர்வை வேற வீட்டு விலையில நூத்துக்கு ரெண்டு போல, வருசா வருசம். கணக்குல புலியாச்சே நீ, அம்பது வருசத்துக்கு என்னாச்சுன்னு போட்டுப் பாரு. குளிர்காலத்துல புல்லு வெட்ட வேண்டாம், பனி வெட்டலாம்.

சூறாவளிக்குச் சங்கு உண்டு. மாசத்து மொத செவ்வாக்கிழமை காலை 10 மணிக்கு ஊதிச் சரிபாப்பான். உங்க ஆச்சி அதைக் கேட்டுட்டு, "மில்லு சங்கு ஊதுது, ஷிப்டு மாறுது போல"ன்னு அடுப்பைப் பத்தவச்சா. நெசமாவே ஊதுனா கீழ நிலவறைக்கு ஓடணும். அவளைப் படியில எறக்குறதுக்குள்ள சூறாவளி இண்டியானா போயிரும்.

இப்பச் சொல்றதைக் காதுல வாங்கு. அங்க பெரிய சோறு போடுறது ஸ்டேட் பார்ம் இன்சூரன்ஸ் கம்பெனி. 1922ல ஜார்ஜ் மெஹெர்ல்னு ஒரு சம்சாரி ஆரம்பிச்சது. சம்சாரி கார் கம்மியா ஓட்டுதான், மோதுறதும் கம்மி, அவன் எதுக்கு டவுன்காரனுக்குச் சமமாப் பணம் கட்டணும்னு கேட்டிருக்கான். அந்த ஒரு கேள்வியில எழும்புனதுதான் இம்புட்டும். நானும் வட்டிக்கடையில எத்தனையோ கேள்வி கேட்டேன், ஒண்ணும் எழும்பல.

பக்கத்து ஊரு நார்மல்ல மிட்சுபிஷி கார் பட்டறை இருந்துச்சு. 2015ல இழுத்து மூடிட்டான். 2017ல ரிவியன்காரன் வாங்கி, இப்ப கரண்டு வண்டி செய்யுதான். நடுவுல இருந்தவன் பாட்டை நெனச்சுப் பாரு. பெரிய ஊருன்னா இந்த வாசல்ல வெரட்டுனா அடுத்த வாசல். இங்க வாசலே ரெண்டு மூணுதான். நீ போறது ஹெச்-1பி விசா, வேலை போச்சுன்னா 60 நாளைக்குள்ள வேற ஆளைப் பிடிக்கணும். உன் மாமன் புல்லு நட்டுப் பதினாறு சென்ட்டுக்கு வேலி போட்டுட்டு, வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டாலே தண்ணி குடிக்கான். அதனால நீ வாடகைக்கு இரு. கிரீன் கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் ஆடு மேய்க்கலாம்.

இன்னொண்ணு. நம்ம ஆளுக நெறைய இருக்காக. மளிகைக்கடையில ரெண்டு பால் கேன் கூட எடுத்தா, "ஊர்ல இருந்து அம்மா வந்திருக்காகளோ?"ன்னு கேப்பாக. தப்புத்தண்டா பண்ணணும்னா சிகாகோதான் போகணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டுறதுக்குள்ள ஆசை அடங்கிரும். உங்க அம்மா இந்த ஊருக்குச் சட்டுனு தலையாட்டுனது எதுக்குன்னு நெனச்சே?

ஜூன் மாசம் எனக்கு டிக்கெட் போடு, பயிரைப் பாக்க வாரேன். ஆச்சியை ஜனவரியிலயே கூட்டிட்டுப் போயிரு. எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்லே.